ஆறு பக்க ரெஸ்யூமேயில் காணாமல் போன நான்கு ஆலைகள்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு 48 வயது. மெக்கானிக்கல் இன்ஜினியர். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு குழுமத்தில் 14 வருடமாக இருக்கிறேன். இப்போது ஓசூர் ஆலையில் ஜெனரல் மேனேஜர். வைஸ் பிரசிடென்ட் பதவிகளுக்கு ஏழு மாதமாக விண்ணப்பிக்கிறேன். 37 இடங்களுக்கு அனுப்பியதில் இரண்டு இடத்திலிருந்துதான் போன் வந்தது. "உங்கள் ரெஸ்யூமேயில் பெர்சனல் பிராண்டிங் இல்லை" என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். படம், வண்ணம், லோகோ எல்லாம் வைத்துச் செய்து தர 45,000 ரூபாய் கேட்கிறார். என்னைப் பற்றி நானே பெருமை பேசுவது எனக்கு வரவே வராது. செய்த வேலை பேச வேண்டாமா? ஒரே ஆலையில் நிலைத்திருந்தாலாவது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். எங்கே பிரச்சினை என்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். ஒரகடம், புணே பக்கம் சாக்கன், குஜராத்தில் சாணந்த், ஓசூர் என்று ஓடியே காலம் போய்விட்டது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரெஸ்யூமேயை இரண்டு தடவை படித்தேன், கடிதத்தை நான்கு தடவை. ரெஸ்யூமேயின் ஆறு பக்கத்திலும் கிடைக்காத ஒன்று கடிதத்தில் ஒரே வரியில் இருந்தது: "எங்கே பிரச்சினை என்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள்." நீங்கள் அதை மனக்குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆளெடுக்கிறவன் கண்ணால் பார்த்தால் அந்த ரெஸ்யூமேயின் முதல் வரியாக இருக்க வேண்டியது அதுதான்.

பெர்சனல் பிராண்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் லோகோவும் வண்ணமும் நினைவுக்கு வருவது இயல்பு. அதை அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் விஷயம் எளிமையானது. நீங்கள் அந்த அறையில் இல்லாதபோது, ஒரு சிக்கல் வந்து, "இதுக்கு யாரைக் கூப்பிடலாம்?" என்று நாலு பேர் யோசிக்கும்போது எந்த மாதிரிச் சிக்கலுக்கு உங்கள் பெயர் வருகிறதோ, அதுதான் உங்கள் பிராண்ட். அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் குழுமத்தின் மேலிடத்தில் 14 வருடமாக அதை நம்பித்தான் உங்களை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். வெளியே இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. ரெஸ்யூமே செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதற்கு 45,000 ரூபாய் வேண்டாம்.

இப்போது உங்கள் ரெஸ்யூமே எப்படித் தொடங்குகிறது? "டைனமிக், ரிசல்ட் ஓரியன்டட் புரொஃபஷனல், 26 வருடத்துக்கும் மேலான அனுபவம், சிறந்த தலைமைப் பண்பு, தகவல் தொடர்புத் திறன்." உங்கள் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் எந்த ஜெனரல் மேனேஜருடைய ரெஸ்யூமேயிலும் இதை ஒட்டலாம். உங்களோடு பத்து வருடம் வேலை பார்த்தவர் இதைப் படித்து "இது அவர்தான்" என்று சொல்ல முடியாது. நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் பரிசோதனை இது. பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும்.

அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் ஔவை. "டைனமிக்", "ரிசல்ட் ஓரியன்டட்" எல்லாம் நெய் பூசிய வேல்கள். முனை முறிந்த வேல்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றை எடுத்து வெளியே வைக்கக் கூச்சப்படுகிறீர்கள். பெருமை பேச வராது என்கிறீர்களே, அந்தப் பெருமை முழுக்க பெயரடைகளில்தான் இருக்கிறது. நடந்ததை எண்ணோடு சொன்னால் அது பெருமை ஆகாது, தகவல். படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

போன வாரம் உங்களிடம் போனில் பேசியபோது ஒவ்வொரு ஆலையாகக் கேட்டேன் அல்லவா? நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். எண்களை நீங்கள் கேட்டுக்கொண்டபடி சற்று மாற்றி இங்கே தருகிறேன்.

ஒரகடம்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர். இயந்திரங்களின் கண்ட்ரோல் பேனல்கள் நனைந்துபோயின. எந்த லைன் முதலில் ஓட வேண்டும் என்பதை வாடிக்கையாளர் கையிருப்பை வைத்து முடிவு செய்து, ஒன்பதாவது நாள் சப்ளையைத் தொடங்கினீர்கள். சாக்கன்: நீங்கள் போனபோது நேரத்துக்கு டெலிவரி 71 சதவீதம், இரண்டு வருடத்தில் 96. சாணந்த்: புது ஆலை, நீங்கள் பாதியில் பொறுப்பேற்றது. உற்பத்தித் தொடக்கம் நான்கு மாதம் தள்ளிப்போனது. ஓசூர்: நிரந்தரத் தொழிலாளர் 210, ஒப்பந்தத் தொழிலாளர் 410. ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகி இழுத்துக்கொண்டிருந்தது. 11 மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2022-இல் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் 12(3) பிரிவின்படி ஊதிய ஒப்பந்தம். இடையில் ஒரு ஷிப்டுகூட நிற்கவில்லை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பாகங்கள் பத்து லட்சத்துக்கு 460 என்றிருந்தது 40-க்கு வந்தது.

இதில் எத்தனை உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கிறது? வெள்ளம் இல்லை. 12(3) இல்லை. "மெயின்டெய்ன்டு கார்டியல் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்" என்று மட்டும் ஒரு வரி. எனக்கு இது மனதைத் தைத்தது, ஏனென்றால் ஆலைகளின் மனிதவளத் துறையில் நான் 19 வருடம் இருந்திருக்கிறேன். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 12(3)-க்கும் 18(1)-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டியது. சமரச நடவடிக்கையில் உருவான 12(3) ஆலையின் தொழிலாளர் எல்லாரையும் கட்டியது. சங்கங்கள் பிரிந்து நிற்கும் ஆலையில் வேலை நிற்காமல் அதுவரை கொண்டுபோவது எவ்வளவு பொறுமையான வேலை என்று ஆலை நடத்தும் எந்த முதலாளிக்கும் தெரியும். உங்கள் துறையில் ஆபரேஷன்ஸ் தலைவர் தேடுகிறவர் "டீம் பிளேயர்" என்ற சொல்லை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். "11 மாதப் பேச்சுவார்த்தை, 12(3), ஒரு ஷிப்டும் இழக்கவில்லை" என்ற வரியைப் பார்த்தால் கண் நிற்கும்.

நான் மனிதவளத் துறையில் இருந்தபோது ஒரு ஆலைத் தலைவர் பதவிக்கு 140 ரெஸ்யூமே வந்தது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் முதல் வடிகட்டல் செய்தேன், வேறு வழியில்லை. ஒதுக்கிய ஒருவரை அடுத்த வருடம் வேறொரு கம்பெனி எடுத்தது. அவர் மூடப்படவிருந்த ஒரு ஃபவுண்டரியைத் திருப்பியவர் என்று அப்புறம் தெரிந்தது. எடுத்து வைத்திருந்த பழைய ரெஸ்யூமேயைத் தேடிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில், "இதர பொறுப்புகள்" என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. அந்த இழப்பு எங்களுக்கும்தான், அவருக்கும்தான். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கே தொடங்குவது? எழுதுவதற்கு முன்னால் ஐந்தாறு பேரிடம் கேளுங்கள். உங்கள் மேலதிகாரியாக இருந்த ஒருவர், உங்களுக்குக் கீழே வேலை பார்த்து இப்போது வேறு கம்பெனியில் இருக்கும் இருவர், வாடிக்கையாளர் கம்பெனியில் உங்களோடு சண்டை போட்டுப் பழகிய சப்ளையர் குவாலிட்டி ஆள் ஒருவர், முடிந்தால் சங்கத் தரப்பில் எதிரே உட்கார்ந்த ஒருவர். கேள்வி ஒன்றுதான்: "உங்க கம்பெனியில எந்த மாதிரிப் பிரச்சினை வந்தா என்னைக் கூப்பிடத் தோணும்?" "என் பலம் என்ன?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நல்ல வார்த்தைகள்தான் கிடைக்கும். பிரச்சினையைக் கேட்டால் நீங்கள் செய்த வேலை வெளியே வரும். அவர்கள் வாட்ஸ்அப்பில் குரலில் அனுப்பினால் இன்னும் நல்லது. ஒரே சொல் மூன்று பேர் வாயிலிருந்து வந்தால் அதை எழுதி வையுங்கள். உங்கள் முதல் பத்தி அந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அடுத்தது ஒரு முடிவு. இதை நீங்களும் வீட்டில் உங்கள் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டும். "தடுமாறும் ஆலையைத் தூக்கி நிறுத்துகிறவர்" என்று ரெஸ்யூமேயில் எழுதினால், தடுமாறும் ஆலைகள்தான் உங்களைக் கூப்பிடும். ஐந்தாவது ஊருக்குப் போகத் தயாரா? மகள் பன்னிரண்டாம் வகுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிராண்ட் என்பது கடந்த காலத்தின் சுருக்கம் மட்டும் இல்லை, அடுத்து எந்த வேலைக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று நீங்கள் சொல்வதும்கூட. ஓட்டம் போதும் என்றால், இதே நான்கு ஆலைகளை வேறு கோணத்தில் வைக்கலாம். நான்கு ஆலையை நேரில் நடத்தியவர், எந்த ஆலை எப்போது சறுக்கும் என்பதை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர், ஆகவே பல ஆலைகளை ஒரு இடத்திலிருந்து மேற்பார்க்கத் தகுந்தவர். நீங்கள் கேட்கும் வைஸ் பிரசிடென்ட் பதவி பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான். என் யோசனையும் அதுதான்.

அப்படியென்றால் முதல் பத்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"வாகன உதிரிபாக உற்பத்தியில் 26 வருடம். அதில் 14 வருடம் ஒரே குழுமத்தின் நான்கு ஆலைகள், ஒவ்வொன்றும் நெருக்கடியான கட்டத்தில் ஒப்படைக்கப்பட்டவை. வெள்ளத்துக்குப் பின் ஒன்பது நாளில் சப்ளை. டெலிவரி 71-இலிருந்து 96 சதவீதம். 620 பேர் வேலை செய்யும் ஆலையில் ஒரு ஷிப்டும் இழக்காமல் 12(3) ஊதிய ஒப்பந்தம். பல ஆலைகளின் உற்பத்தி, தரம், தொழில் உறவு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் பதவியை நாடுகிறேன்."

இதில் ஒரு புகழ்ச்சிப் பெயரடைகூட இல்லை, பாருங்கள். பெயரை மறைத்தாலும் உங்களை அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு பயன்: இந்த மட்டத்துப் பதவிகளில் பல, வேலை தேடும் தளத்துக்கே வருவதில்லை. தேடுதல் நிறுவனங்கள் வழியாகப் போகின்றன. அங்கே இருப்பவர் உங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதித்தான் முதலாளிக்கு அனுப்புவார். அவர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி இந்தப் பத்தி இருந்தால் உங்கள் கதையை நீங்கள் சொன்னபடியே அந்த மேஜை வரைக்கும் அனுப்பிவிடலாம்.

உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும் பெரிய கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு ஆலையும் அந்தந்தத் துணை நிறுவனத்தின் பெயரில் தனித்தனி வேலையாக இருக்கின்றன. வெளியாள் பார்த்தால் 14 வருடத்தில் நான்கு கம்பெனி மாறியவர் போலத் தெரிகிறது! 37 இடத்தில் பல இடங்கள் இங்கேயே மூடியிருக்கும் என்று நினைக்கிறேன். குழுமத்தின் பெயரை மேலே தலைப்பாகப் போட்டு, 2011 முதல் இன்று வரை என்று எழுதி, அதன் கீழே நான்கு ஆலைகளையும் வரிசைப்படுத்துங்கள். துணை நிறுவனத்தின் சட்டப் பெயரையும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் விட்டு வையுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து பணி வரலாற்றைப் பார்ப்பார்கள். அங்கே இருக்கும் நிறுவனப் பெயரும் தேதியும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு ஆலைக்கும் எழுதும்போது முதல் இரண்டு வரியில் அளவைச் சொல்லிவிடுங்கள்: ஆண்டு விற்பனை, ஆட்கள், என்ன பாகம், யாரிடம் ரிப்போர்ட் செய்தீர்கள். பிறகு, சாவி கைக்கு வந்தபோது என்ன நிலை, கொடுத்துவிட்டுப் போனபோது என்ன நிலை. நடுவில் நீங்கள் எடுத்த முடிவு. "பொறுப்புகள்" என்ற பட்டியலே வேண்டாம். ஆலைத் தலைவருக்கு என்னென்ன பொறுப்பு என்று படிப்பவருக்குத் தெரியும்.

"நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்ததை நான் செய்ததாக எழுதுவதா?" என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அணியின் வேலையை அணியின் வேலையாகவே எழுதுங்கள், உங்கள் முடிவை உங்கள் முடிவாக எழுதுங்கள். வெள்ளத்தில் பேனல்களை உலர்த்தியது மெயின்டனன்ஸ் அணி. எந்த லைன் முதலில் என்று தீர்மானித்தது நீங்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாம். ஆனால் ஒன்று: எழுதும் ஒவ்வொரு எண்ணும் நேர்காணலில் மூன்று கேள்வி தாங்க வேண்டும். எப்படி அளந்தீர்கள், எந்தக் காலத்துக்கு, உங்கள் பங்கு எவ்வளவு. தாங்காது என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரின் விலை, பாகத்தின் பெயர், லாப விகிதம் போன்றவை கம்பெனியின் ரகசியம். அவற்றைச் சதவீதமாகவோ பொதுவாகவோ சொன்னால் போதும். ரகசியம் காக்கத் தெரிந்தவர் என்பதையும் படிப்பவர் கவனிப்பார்.

சாணந்தை என்ன செய்வது? மறைக்காதீர்கள். "கட்டுமானத்தின் பாதியில் பொறுப்பேற்று உற்பத்தியைத் தொடங்கியது" என்று எழுதுங்கள். நான்கு மாதத் தாமதத்தை ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை, ஆனால் யாராவது கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்ல ஒரு பதில் வைத்திருங்கள். அந்த முனை முறிந்ததும் போரில்தான்.

வெட்ட வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, பாஸ்போர்ட் எண், கடைசியில் "ஐ ஹியர்பை டிக்ளேர்" உறுதிமொழி எல்லாம் போகட்டும். எம்.எஸ். ஆபீஸ் தெரியும் என்பதும் போகட்டும். 32 பயிற்சி வகுப்பில் இரண்டு போதும். குழுமத்துக்கு முந்தைய 12 வருடம் நான்கு வரி. பட்டம் பெற்ற ஆண்டை மட்டும் மறைக்க வேண்டாம். 26 வருட அனுபவம் என்று மேலேயே எழுதியிருக்கிறீர்கள், வயதை யாரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மொத்தம் மூன்று பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டானால் மிக நல்லது.

அந்தப் பயிற்சியாளர் காட்டிய மாதிரியையும் பார்த்தேன். இடது ஓரத்தில் வண்ணப்பட்டை, தலைமைப் பண்புக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நான்கு நட்சத்திரத் தலைமை என்றால் என்ன பொருள்? அதைவிடச் சிக்கல், ரெஸ்யூமேயை முதலில் படிப்பது பல இடங்களில் மென்பொருள். டெக்ஸ்ட் பாக்ஸ், அட்டவணை, ஹெடர், ஃபுட்டர் இவற்றுக்குள் இருப்பதைச் சில மென்பொருள்கள் ஒழுங்காகப் படிப்பதில்லை. உங்கள் போன் எண்ணே ஹெடருக்குள் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவது எப்படி? ஒரே நெடுவரிசையாக மேலிருந்து கீழே போகும் சாதாரண வேர்டு கோப்பு போதும். அந்த வேலையின் விளம்பரத்தில் இருக்கும் சொற்களை, உங்களுக்குப் பொருந்துபவற்றை மட்டும், அதே சொல்லாகப் பயன்படுத்துங்கள். ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை), டிபிஎம் (இயந்திரப் பராமரிப்பு முறை), ஓஇஇ (இயந்திரச் செயல்திறன் அளவு) போன்றவை விளம்பரத்தில் இருந்து உங்கள் வேலையிலும் இருந்தால் ரெஸ்யூமேயிலும் அதே பெயரில் இருக்கட்டும்.

அனுப்பும் இடத்தைப் பொறுத்து முதல் பத்தியில் சான்றுகளின் வரிசையை மாற்றுங்கள். குடும்பம் நடத்தும் கம்பெனிக்கு 12(3) முதலில். முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும் கம்பெனிக்கு டெலிவரியும், சரக்கிருப்பில் நீங்கள் விடுவித்த பணமும் முதலில். அந்தக் கணக்கை எடுத்துத் தருகிறேன் என்றீர்கள், அவசியம் எடுங்கள். ஜப்பானிய வாடிக்கையாளருக்குச் சப்ளை செய்யும் கம்பெனிக்கு 460 எப்படி 40 ஆனது என்பது முதலில். ஆள் ஒருவர்தான், எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறார் என்பது மாறுகிறது.

லிங்க்ட்இன் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே பதவியும் கம்பெனியும் மட்டும் இருக்கின்றன. அந்த வரிக்கு 220 எழுத்துவரை இடம் உண்டு. "நான்கு ஆலை, வாகன உதிரிபாகம், உற்பத்தி மீட்பும் தொழில் உறவும்" என்ற பொருளில் ஒரு வரி எழுதுங்கள். வேலை தேடுகிறேன் என்ற பச்சை வளையம் வேண்டாம். ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் உங்கள் கம்பெனியின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன் உறுதி தருவதில்லை. ரெஸ்யூமேயில் ஒரு தேதி, அங்கே ஒரு தேதி என்று இருந்தால் நல்ல வாய்ப்பும் சந்தேகத்தில் நின்றுவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து திருத்துங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஒரு ஆலையாக, வந்தபோது நிலை, கிளம்பியபோது நிலை என்று எழுதத் தொடங்குங்கள். ஆங்கிலம் வேண்டாம், மனதில் வருகிற மொழியில் எழுதுங்கள். ஓசூர் பக்கத்தில் அந்த 11 மாதத்தில் பேச்சுவார்த்தை முறியப்போன இரண்டு தருணங்களை என்னிடம் சொன்னீர்களே, அவற்றையும் மறக்காமல் எழுதுங்கள். முதல் பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டுப் படிக்கிறேன்.